பிரவுன் ஷுகரா, வூடூவா?

அமெரிக்க ஆர் அண்ட் பி பாடகர் டி'ஏஞ்சலோவை இனிமேல்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால், 1995இல் வந்த 'பிரவுன் ஷுகர்' ஆல்பம் சுலபமான வாசல். பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்திருக்கிறார். மெட்டு முதல் தடவையிலேயே வாயில் ஒட்டிக்கொள்ளும்.

2000இல் வந்த 'வூடூ' அப்படி இல்லை. நியூயார்க்கில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உருவாக்கிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில், கம்ப்யூட்டரை நம்பாமல் டேப்பில் பதிந்தது. குவெஸ்ட்லவின் டிரம்ஸ் வேண்டுமென்றே தள்ளாடும். பினோ பலடினோவின் பேஸ் கிட்டார் அதற்கும் ஒரு நூலிழை பிந்தி வந்து விழும். குரல் அடுக்கடுக்காகக் குழைந்து, பல இடங்களில் சொல்லே பிடிபடாது. (எனக்கு மூன்றாம் முறைதான் பிடித்தது.) கிராமி வாங்கியதும் இதுதான்.

சமைக்கும்போது ஓடவிட 'பிரவுன் ஷுகர்'. ஹெட்போனும் ராத்திரியும் இருந்தால், யோசிக்காமல் 'வூடூ'.