வால் ஒட்டுவதா, மோர் ஊற்றுவதா?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. ஆங்கில இலக்கணத்தில் ஒப்பிட்டுச் சொல்லும் 'டிகிரி' பயிற்சியில் 'ஹி இஸ் மோர் டாலர் தன் மீ' என்று எழுதிக்கொண்டு வந்தாள். 'மோர்' என்பதைச் சிவப்பில் சுழித்தேன். "ஏன் மாமா, 'இன்னும் உயரம்'னுதானே சொல்றோம்? அப்போ அந்த இன்னும் எங்கே போச்சு?" என்றாள். நியாயமான கேள்வி.

ஒன்றைவிட ஒன்று உசத்தி என்று சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வழி. சொல்லின் பின்னால் 'எர்', 'எஸ்ட்' என்று வால் ஒட்டலாம்: டால், டாலர், டாலஸ்ட். அல்லது சொல்லைத் தொடாமல் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' வைக்கலாம்: மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் பியூட்டிஃபுல். (தமிழில் எழுதினால் ஒன்று அமெரிக்கப் பணமாகவும் மற்றது தாளித்துக் குடிப்பதாகவும் ஆகிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தமிழுக்கு வால் பழக்கமில்லை. 'நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று' என்கிறது குறுந்தொகை. நிலத்தோடு ஒப்பிட்ட பிறகும் 'பெரிது' பெரிதாகவே இருக்கிறது. சுமையெல்லாம் 'நிலத்தினும்' தலையில். தொல்காப்பியம் இதை ஐந்தாம் வேற்றுமையில் 'இதனின் இற்று இது' (இதைவிட இது இப்படி) என்று வைத்தது. இன்று பேச்சில் அந்த இடத்துக்கு 'விட' வந்துவிட்டது. அதனால் நம் காதுக்கு மோர்தான் சொந்தக்காரன், ஏறக்குறைய நம்ம 'இன்னும்' மாதிரி. வாலை மார்க்குக்காக ஒட்டிவிட்டு, மனசு கேட்காமல் மோரையும் ஊற்றிவிடுகிறோம். 'மோர் சீப்பர் ரேட்' என்று எத்தனை அலுவலக மெயில் பார்த்திருப்பேன்!

இதில் நமக்கு நல்ல துணை உண்டு. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில், புரூட்டஸின் கத்திக்குத்தை 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்கிறான் ஆண்டனி. அன்று அது பிழையில்லை, அழுத்தம். 18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் இரட்டை வேண்டாம் என்று கறாராக நின்றார்கள். அதைச் சொல்லி இன்று தேர்வில் மார்க் வாங்க முடியாது.

வால் ஆங்கிலத்தின் பூர்விகச் சொத்து. ஜெர்மனிலும் டச்சிலும் அதே வால் இன்றும் இருக்கிறது. குட்டிச் சொற்களுக்கு அது கச்சிதம்: பிக், பிக்கர், கோல்ட், கோல்டர். டேஞ்சரஸ், கம்ஃபர்ட்டபிள் மாதிரி பிரெஞ்சு வழி வந்த நீளமான சொற்களுக்கு வால் பொருந்துவதில்லை, அங்கே மோர். ஓரசைக்கு (ஒரே சிலபிளுக்கு) வால், மூன்றும் அதற்கு மேலும் என்றால் மோர் என்பது பள்ளிக்கூட விதி. சரி, ஆனால் அசையை எப்படி எண்ணுகிறோம்? நம் வாய் 'ஸ்ட்ராங்'கை 'ஸ்ட்ராங்கு' என்று உகரம் போட்டு முடிக்கும். சிலருக்கு முன்னால் ஒரு 'இ'யும் வரும். ஆங்கிலக் காதுக்கு அது ஒரே அசை, நமக்கு இரண்டோ மூன்றோ. அந்தக் கணக்கில் போனால் 'மோர் ஸ்ட்ராங்' என்றுதான் வரும். தேவையில்லாத உகரத்தைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

உண்மையான போட்டி ஈரசையில்தான். ஹேப்பி, ஈஸி, பிஸி என்று இகர ஓசையில் முடிந்தால் வால்தான் அழகு. சிம்பிள், நேரோ இரண்டும் அப்படியே. ஃபேமஸ், யூஸ்ஃபுல், மாடர்ன் வாலை ஏற்கவே ஏற்காது. பொலைட், காமன், கிளெவர் இரண்டையும் ஏற்கும். இந்த மூன்றாவது கூட்டத்தில் சந்தேகம் வந்தால் நான் மோர் பக்கம்தான். 'மோர் பொலைட்' என்பதை யாரும் தப்பென்று சொல்லப்போவதில்லை. 'மாடர்னர்' என்றால் சிரிப்பார்கள்.

குட்டிச் சொல்லிலும் மோர் ஜெயிக்கும் இடம் உண்டு. 'டயர்ட்' சின்னச் சொல்தான், ஆனாலும் மோர் டயர்ட். ஒரே ஆளின் இரண்டு குணத்தை எடை போடும்போதும் அப்படித்தான். அவன் முட்டாள் என்பதைவிடச் சோம்பேறி என்பதே சரி என்று சொல்ல, 'மோர் லேஸி தன் ஸ்டுபிட்'. அங்கே 'லேஸியர்' ஒட்டாது.

இந்த இரண்டிலும் சேராத ஒரு சங்கடம், 'எல்டர்'. அண்ணன், அக்கா என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிற நமக்கு 'எல்டர் பிரதர்' சுலபம். ஆனால் 'எல்டர் தன் மீ' கூடாது, 'ஓல்டர் தன் மீ'தான். 'சீனியர்' லத்தீனிலேயே ஒப்பிட்டு முடிந்து வந்த சொல். அதற்குத் 'தன்' கூட வேண்டாம், 'டு' போதும்.

அப்புறம், அவள் கேட்ட 'இன்னும்'. 'விட'வின் வேலையைத் 'தன்' பார்த்துக்கொள்கிறது, மீதியை வால் பார்த்துக்கொள்கிறது. அதற்கு மேலும் அழுத்த வேண்டுமென்றால் 'ஈவன்' உண்டு, 'மச்' உண்டு. இதைச் சொன்னதும் பென்சிலை வாங்கி, நான் சுழித்த 'மோர்' மேலேயே 'ஈவன்' என்று எழுதினாள். "இன்னும் கிடைச்சிருச்சு மாமா" என்றாள்.