அம்மாச்சி ஜெபமாலையைக் கோர்க்கக் கொடுத்து ஏமாந்தேன்: 4,850 ரூபாயும் போச்சு, மாலையும் போச்சு

இன்னைக்கு மதியம்தான் அந்த ஆன்லைன் கடைக்காரங்க என்னை பிளாக் பண்ணாங்க. கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. என்னை மாதிரி யாரும் ஏமாறக் கூடாதுன்னுதான் எழுதுறேன். எப்படித் தப்பிக்கலாம்னு கடைசியில சொல்றேன்.

பொருள் ஒண்ணும் பெருசில்ல. மரமணி ஜெபமாலை. வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு நடந்து போனப்ப அம்மாச்சி கடைத்தெருவுல வாங்கினது. 59 மணியில ஒண்ணு எப்பவோ தொலைஞ்சு, தாத்தா அந்த இடத்துல எங்கம்மாவோட சின்ன வயசுப் பாசியிலிருந்து ஒரு சிவப்புக் கண்ணாடி மணியைக் கோத்துக் கொடுத்தாரு. பத்துப் பத்தாக் கோத்திருக்குற மணியில, மூணாவது பத்துமணியில ஏழாவது. தாத்தா போனப்புறம் அந்த மணி விரலுக்கு வந்தா அம்மாச்சி கொஞ்சம் நிப்பாங்க, அப்புறம்தான் அடுத்த அருள்நிறை மந்திரம். மாலை என் கைக்கு வந்தப்ப கம்பி துருப்பிடிச்சு ரெண்டு இடத்துல அறுந்திருந்துச்சு. மகளுக்கு அடுத்த மாசம் புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குற நாள். அன்னைக்கு இதை அவ கையில கொடுக்கணும்னு ஆசை.

போன்ல ரீல்ஸ் போட்டு பக்திப் பொருள் விக்கிற ஒரு பக்கம். பழைய மாலையை வெள்ளிக் கம்பியில கோத்துத் தருவோம்னு போட்டிருந்தாங்க. பேசின பொண்ணு எடுத்ததுமே "மரியே வாழ்க அக்கா"ன்னா. அதுலயே நான் பாதி விழுந்துட்டேன். "கோக்கும்போது உங்க அம்மாச்சிக்காக ஒரு பத்துமணி ஜெபம் சொல்லித்தான் கோப்போம்க்கா"ன்னு சொன்னப்ப அழுதுட்டேன். உடனே 4,500 ரூபா அனுப்பினேன். மந்திரிச்சு அனுப்பக் காணிக்கைன்னு இன்னொரு 350. காசு வாங்கிக்கிட்டா யாராவது மந்திரிப்பாங்கன்னு கேக்கணும்னு அப்போ உறைக்கல. மொத்தம் 4,850. மாலையையும் கூரியர்ல அனுப்பிட்டேன்.

பத்து நாள்ல வரும்னாங்க, முப்பத்தெட்டு நாளாச்சு. வெல்வெட் பெட்டி, பளபளன்னு மாலை. எண்ணிப் பாத்தேன். 59 மணியும் ஒரே நிறம், ஒரே அளவு. சிவப்பு மணி இல்லை. மோந்து பாத்தேன், வார்னிஷ் வாடை. அம்மாச்சி மாலையில பாடுபட்ட சுரூபத்தோட, அதான் சிலுவையில இருக்குற இயேசுவோட, கால் பக்கம் முத்தம் கொடுத்துக் கொடுத்தே தேஞ்சிருக்கும். இதுல விரல் நகம் வரைக்கும் தெரியுது!

கேட்டா, "பாலிஷ் போட்டிருக்கோம்க்கா, அதான் புதுசாத் தெரியுது." பாலிஷ் போட்டா சிவப்புக் கண்ணாடி மரமாகுமா? அம்மாச்சி மாலையோட இருக்குற போட்டோவை அனுப்பினேன். "லைட்டிங்க்கா"ன்னு பதில். அடுத்த நாள், கோக்குறவர் ஊருக்குப் போயிருக்காருன்னாங்க. அதுக்கடுத்த நாள், மந்திரிச்ச பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்னு. காசு வேண்டாம், 4,850-ஐயும் நீங்களே வெச்சுக்கோங்க, பழைய மணியை மட்டும் அனுப்புங்கன்னு கெஞ்சினேன். நீல டிக் விழுந்துச்சு. அவ்வளவுதான்.

கம்பியில வெள்ளிக்குப் போடுற 925 முத்திரை இருக்கேன்னு எங்க ஊர் ஆசாரிகிட்ட கொடுத்தேன். உரசிப் பாத்துட்டு ஜெர்மன் சில்வர்னாரு. செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி பேருல மட்டும்தான். இதுக்கா 4,850?

சரி, சொல்றேன்னது: பழைய பொருளைக் கூரியர்ல அனுப்பாதீங்க, பக்கத்துலயே உக்காந்து கோத்து வாங்குங்க. கொடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மணியையும் வீடியோ எடுங்க. ஆன்லைன் மோசடியில பணம் போனா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் ரெண்டுலயும் சொல்லிட்டேன். இதுக்கு மேல யோசிக்க முடியல.

சாயங்காலம் தங்கச்சி போன்ல பாத்தேன், அந்தப் பக்கத்துல புது வீடியோ ஓடுது. மேசை நிறைய மணி கொட்டிக் கிடக்கு. சிவப்பா ஏதாவது தெரியுதான்னு நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கிட்டிருக்கேன்.