கைப்பிடிக் கம்பியா, புது வீடா? பெரியம்மாவுக்காக வீவக திட்டங்களை அலசியது

பெரியப்பா போனபிறகு சிங்கப்பூரில், ஈசூன் மூவறை வீட்டில் பெரியம்மா தனியாக இருக்கிறார். வயது 73, மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். வீட்டை விற்றுவிட்டு சின்னதாக ஒன்று பார்க்கலாமே என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். சரி, வீவகவில், அதாவது அரசாங்க வீடுகளைக் கட்டித்தரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில், என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன்.

எல்லாரும் முதலில் சொன்னது சமூகப் பராமரிப்பு வீடு. 2021இல் புக்கிட் பாத்தோக்கில் தொடங்கி, அப்புறம் குவீன்ஸ்டவுன், பிடோக் என்று வந்தது. 65 வயது ஆனவர்களுக்கு மட்டும். அகலமான வாசல், வழுக்காத தரை, அலமாரி எல்லாம் போட்டே தருகிறார்கள். மாடிக்கு மாடி பொதுவாக உட்கார ஓர் இடம், 24 மணி நேர அவசர உதவி, உடம்பு எப்படி என்று அவ்வப்போது பார்க்க ஆள். அந்தச் சேவைத் தொகுப்பு வேண்டாம் என்று சொல்ல முடியாது, வீட்டோடு சேர்த்தே வாங்கவேண்டும். பரப்பளவு சுமார் 32 சதுர மீட்டர். பெரியம்மாவின் சாமி அலமாரியும் கிரைண்டரும் போனபிறகு மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பக்கத்தில் யாருமே இல்லாத, உடம்பும் தளர ஆரம்பித்த ஒருவருக்கு இதைவிட நல்லது இல்லை. பெரியம்மாவுக்கு எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) இருக்கிறார், காலையில் கதவு திறக்கவில்லை என்றால் பத்தே நிமிடத்தில் தட்டிவிடுவார். அந்த மக்சிக்கை எந்தத் தொகுப்பிலும் தரமாட்டார்கள்.

ஈரறை ஃபிளெக்ஸி என்னும் சின்ன வீவக வீடு இன்னொரு வழி. 55 வயதிலிருந்தே 15 முதல் 45 வருட லீஸில் (குத்தகையில்) வாங்கலாம், 95 வயது வரைக்குமாவது தாங்கும் அளவுக்கு லீஸ் எடுக்கவேண்டும். விலை குறைவுதான், ஆனால் எந்தப் பேட்டை கிடைக்குமோ தெரியாது. 73 வயதில் புதிதாக ஒரு காப்பிக்கடையைப் பழகிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

வீவக வாடகை வீட்டையும் சொல்லவேண்டும், சொந்த வீடு இல்லாதவர்களுக்கு அதுதான் கதி. வருமானம் மிகக் குறைவு என்றால் ஓரறைக்கு மாதம் 26 வெள்ளியிலிருந்தே (சிங்கப்பூர் டாலர்) வாடகை. ஆனால் தனியாள் என்றால் பெரும்பாலும் முன்பின் தெரியாத இன்னொருவரோடு அதே ஓரறையில்தான். யார் விளக்கை அணைப்பது, யார் டிவி பார்ப்பது என்று எழுபது வயதில் சண்டை. 2021 கடைசியில் இருந்து வீட்டை நடத்தும் ஓர் அமைப்பே ஜோடி சேர்த்துவிடும் முறையும் வந்திருக்கிறது. பிரச்சினை ஆளைத் தேடுவதில் மட்டுமா இருக்கிறது?

எனக்குப் பிடித்தது இருக்கிற வீட்டிலேயே இருப்பதுதான். அதற்கு இரண்டு திட்டங்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒன்று லீஸ் பைபேக், 2009இல் வந்தது. 99 வருட லீஸில் இன்னும் 60 வருடம் பாக்கி என்றால், பெரியம்மா வயதுக்கு 25 வருடத்தை வைத்துக்கொண்டு மிச்ச 35ஐ வீவகவிடமே விற்கலாம். பணம் மசேநிதிக்கு (மத்திய சேம நிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) போய் மாதாமாதம் கைக்கு வரும், மூவறை வீட்டுக்கு 30,000 வெள்ளி வரை போனஸும் உண்டு. அறையை வாடகைக்கு விடலாம். வீட்டை வெளியே விற்க முடியாது, பிள்ளைக்கு என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. பெர்த்துக்குப் போன் போட்டபோது வந்த மௌனம் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று ஈஸ், முதியவர்களுக்கு ஏற்றபடி வீட்டைச் சரிசெய்து தரும் திட்டம், 2012இலிருந்து இருக்கிறது. குளியலறைத் தரைக்கு வழுக்காத பூச்சு, கைப்பிடிக் கம்பிகள், வாசலில் சாய்தளம். 2024இல் மடக்கு இருக்கை மாதிரி இன்னும் சில சேர்ந்தன. மூவறை வீட்டுக்குச் செலவில் 95 சதவீதம் அரசாங்கம் தருகிறது, இதைச் செய்யாமல் யாராவது சும்மா இருந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கம்பி மாட்ட வந்தவர் பெரியம்மாவை கழிவறையில் மூடிமேல் உட்காரச் சொல்லி, எழும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அங்கே பென்சிலால் கோடு போட்டார். "இதெல்லாம் எதுக்குடா, நான் என்ன பஸ்ஸிலயா போறேன்?" என்றார் பெரியம்மா.

இரண்டே வாரம். இப்போது எல்லாக் கம்பியிலும் துண்டு காய்கிறது. நடுராத்திரி எழுந்தால் பிடிக்க ஒன்றையாவது காலியாக விடுங்கள் என்று சண்டை போட்டு, வாசல் பக்கக் கம்பிக்கு மட்டும் விடுதலை வாங்கியிருக்கிறேன். லீஸ் பைபேக் விண்ணப்பப் பாரம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. தீபாவளிக்கு மகன் வரட்டும் என்கிறார்.