ரப்பர் கைவலை: பிடித்த மீனை ஆற்றிலேயே விடுபவர்களுக்கு

பிடித்து விடும் தூண்டிலாளருக்கு, தூண்டிலில் சிக்கிய மீனை ஏந்த முடிச்சு போட்ட நைலான் வலை ஆகாது. முடிச்சுகள் மீனின் வழவழப்புப் பூச்சைச் சுரண்டும், துடுப்பைக் கிழிக்கும். பூச்சு போன இடத்தில் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் வலையில் இந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது. தூண்டில் முள்ளும் அவ்வளவாகச் சிக்காது. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது இன்னும் சுலபம்.

வாங்கும்போது கண்ணியை மடித்துப் பாருங்கள். முழு ரப்பரா, நைலான்மேல் பூசியதா? பூசியது இலேசானது, விலையும் குறைவு. ஆனால் மடிப்புகளில் பூச்சு உரிந்து உள்ளே இருக்கும் முடிச்சு தலைகாட்டும். அடிப்பகுதி தட்டையாக இருப்பது நல்லது, ஆழப் பையில் பெரிய மீன் வளைந்து நசுங்கும்.

இதன் குறை, எடைதான். பெரிய ஆற்றின் இழுப்பில் முழு ரப்பர் வலை கையை வாங்கிவிடும். நீளும் கைப்பிடியின் பூட்டில் மணல் புகுந்தால் இறுகிக்கொள்ளும், அவ்வப்போது அலச வேண்டும். வெயிலில் போட்டு வைத்தால் ரப்பர் வெடிக்கும்.

வலையை முதலில் நனைத்து, நீருக்குள் அசையாமல் பிடித்து, மீனைத் தலை முன்னே வர அதன்மேல் இழுங்கள். துரத்தி அள்ளினால் தூண்டில் நரம்பு அறும். முள்ளை நீருக்குள்ளேயே கழற்றுங்கள். வெளியே தூக்குவதென்றால் 10 விநாடி போதும். விடும்போது தலை நீரோட்டத்தை எதிர்த்திருக்கட்டும். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், செவுளில் நீர் தலைகீழாகப் போகும். வேறு ஆற்றுக்குப் போகுமுன் வலையை நன்றாகக் காயவிடுங்கள், நோய்க்கிருமியும் பாசியும் ஈரத்தில்தான் பயணம் செய்யும்.