மொன்றியல் யூதப் பொது மருத்துவமனை: பேரைப் பார்த்துத் தயங்க வேண்டாம்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஒபரேசன் இங்கேதான் நடந்தது. கவனிப்பில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் "அது யூத ஆக்களின்ர ஆஸ்பத்திரி, எங்களை எடுப்பினமோ?" என்று இப்பவும் கேட்கிறவர்கள் எங்கள் சனத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இது 1934 ஒக்டோபரில் திறந்த ஆஸ்பத்திரி. அந்தக் காலத்து மொன்றியலில் யூத டொக்டர்மாருக்கு மற்ற ஆஸ்பத்திரிகளில் இடம் கிடைப்பது பெரும்பாடு. அதே வருடம் ஜூனில், நோத்ர் டாம் ஆஸ்பத்திரியில் சாமுவேல் ரபினோவிச் என்ற இளைஞரைப் பயிற்சி டொக்டராக எடுத்தார்கள். நல்ல கெட்டிக்காரர், மொன்றியல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக, அங்கிருந்த மற்றப் பயிற்சி டொக்டர்மார் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நகரத்தின் வேறு கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளுக்கும் அது பரவியது. நோயாளிகள் பார்க்க ஆளில்லாமல் கிடக்க, சில நாட்களிலேயே அவர் தானாக விலகிக்கொண்டார். இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தச் சம்பவத்தால்தான் இந்த ஆஸ்பத்திரி வந்தது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. 1929இலேயே அலன் பிரொன்ஃப்மன் என்ற தொழிலதிபர் முன்னிற்க, யூத சமூகத்தினர் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். உலகப் பொருளாதாரமே விழுந்த நேரத்திலும் கைவிடவில்லை. அப்படிக் கஷ்டப்பட்டுக் கட்டியதை, எந்த மதத்து நோயாளியும் வரலாம் என்று சொல்லித் திறந்தார்கள். தங்கள் ஆட்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தியிருந்தாலும் அன்றைக்கு யார் குறை சொல்லியிருப்பார்கள்?

அந்தக் குணம் இன்னும் போகவில்லை. 2013இல் மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தின் அரசு, அரச ஊழியர்கள் வெளியே தெரிகிற மத அடையாளங்களை அணியக் கூடாது என்று சட்டம் கொண்டுவரப் பார்த்தபோது, இந்த நிர்வாகம் அதை வெளிப்படையாக எதிர்த்தது. அடுத்த வருடத் தேர்தலோடு அந்தச் சட்டமூலம் செத்துப்போனது. அம்மாவைப் பார்த்த தாதிமாரில் ஒருவர் ஹிஜாப் அணிந்திருந்தார், இன்னொருவர் கழுத்தில் சிலுவை. அம்மாவின் நெற்றித் திருநீற்றையும் ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

அப்புறம் சாப்பாடு. கோஷர் என்கிற யூத மத உணவு முறைப்படி சமைப்பதால் இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேராது. சுத்த சைவமான அம்மாவுக்கு இது பெரிய நிம்மதி. "இவைக்கும் எங்களை மாதிரி ஆசாரம் இருக்கு" என்று தட்டைக் காலி செய்தார்.

புதிதாகக் கட்டிய கே கட்டடத்தில் ஆளுக்கு ஒரு தனி அறை. அவசரப் பிரிவும் அங்கேதான். காத்திருப்பு கியூபெக் முழுவதற்கும் உள்ள பிரச்சினை, பொறுமையோடு போங்கள்.

129ஆம் இலக்க பஸ் கோட் சென்ற் கத்தரின் வீதியால் வரும். மெடிகேர் கார்டையும், குடிக்கிற மருந்துகளின் பட்டியலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். வயதானவர்கள் என்றால் பிரெஞ்சோ இங்கிலிஷோ தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. அம்மா நோவை "குத்துது", "உளையுது", "எரியுது" என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல, நான் அப்படியே டொக்டருக்குச் சொல்ல, அவர் அவசரப்படாமல் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.