ஃபியூரா-2 சாயமா, ஜிகேம்ப் புரதமா? செல்லுக்குள் கால்சியம் பார்க்க எது?

உயிருள்ள செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைப் பார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ரசாயனச் சாயம், இன்னொன்று செல்லே தயாரித்துக்கொள்ளும் ஒளிரும் புரதம். உயிர்வேதியியலாளர் ரோஜர் சியன் இரண்டையுமே தொடங்கிவைத்தவர்: 1985-இல் ஃபியூரா-2, 1997-இல் கேமிலியான் என்ற புரத உணரி. இன்று அதிகம் புழங்கும் ஜிகேம்ப் 2001-இல் ஜப்பானில் நகாய் குழு செய்தது.

சாயம் உள்ளே போகிற விதமே எனக்குப் பெரிய வியப்பு. ஃபியூரா-2-இல் எதிர்மின்னேற்றம் அதிகம், அப்படியே விட்டால் செல் சவ்வைத் தாண்டாது. அதனால் மின்னேற்றம் உள்ள இடங்களையெல்லாம் எஸ்டர் என்ற ரசாயன மூடி போட்டு அனுப்புகிறார்கள், உள்ளே போனதும் செல்லின் எஸ்டரேஸ் நொதிகளே மூடியை வெட்டிவிட, சாயம் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அளக்க ஆரம்பித்துவிடலாம். 340, 380 நானோமீட்டர் அலைநீள ஒளியால் மாற்றி மாற்றித் தூண்டி, இரண்டிலும் வரும் பிரகாசத்தின் விகிதம் எடுப்பதால், செல் தடிமனா மெலிசா, சாயம் கூடுதலா குறைவா என்ற தொல்லையெல்லாம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அளவுத்திருத்தம் ஒழுங்காகச் செய்தால், ஓய்வில் கால்சியம் செறிவு சுமார் 100 நானோமோலார் என்று எண்ணாகவே சொல்ல முடியும். ஆனால் நேரம் ஆக ஆகச் சாயம் கசியும், உள்ளுறுப்புகளுக்குள்ளும் புகுந்துகொள்ளும், புற ஊதா ஒளியும் செல்லுக்கு நல்லதல்ல.

ஜிகேம்ப்பில் பச்சை ஒளிர்புரதத்தை வெட்டி வரிசை மாற்றி, ஒரு முனையில் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதம், மறுமுனையில் அது பற்றிக்கொள்ளும் ஒரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு) என்று ஒட்டியிருக்கிறார்கள். கால்சியம் வந்தால் இரண்டும் கட்டிக்கொள்ளும், பச்சை கூடும். மரபணுவாகக் கொடுப்பதால் எந்த வகை நரம்புச் செல்லில் வேண்டுமோ அதில் மட்டும் வரவைக்கலாம், அதே செல்லை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சாயத்தால் இது நடக்காது. 2013-இல் வந்த ஜிகேம்ப்6-க்குப் பிறகு வெளிச்சத்திலும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் தயக்கம்? இதில் விகிதம் கிடையாது, வெறும் பிரகாசம்தான். நுண்ணோக்கியின் குவியம் லேசாக நகர்ந்தாலும், செல்லின் அமிலத்தன்மை மாறினாலும் கால்சியம் மாறியதுபோலத் தெரியும். அதனால் செறிவு எவ்வளவு என்பதுதான் கேள்வி என்றால் நான் யோசிக்காமல் ஃபியூரா-2 பக்கம் போவேன். எந்தச் செல் எப்போது துடிக்கிறது என்பது கேள்வி என்றால் ஜிகேம்ப் போதும், அதுதான் சரியும்கூட. நாள்பட வைத்திருக்கும் செல்களில் உட்கருவுக்குள்ளும் பச்சை நிறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறைந்திருந்தால் அந்தச் செல் நலமாக இல்லை, கணக்கில் சேர்க்க வேண்டாம்.