பாம்பென்றால் யாரைக் கேட்பது: இணையத்தையா, பழகியவரையா?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி 11.15 இருக்கும். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. பின்கட்டுக் குளியலறைக்குப் போன அம்மா அப்படியே பின்வாங்கி நின்றார். வாளிக்குப் பின்னால் கருப்பாக ஒன்று, சுண்டு விரல் தடிமனில், முதுகில் குறுக்கே வெள்ளைப் பட்டைகளோடு சுருண்டு கிடந்தது. "கட்டுவிரியன்டா" என்றார் அம்மா. எங்கள் வீடு மதுராந்தகம் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி. பாம்பு எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கட்டுவிரியன் என்ற சொல்லைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் வயிறு கலங்கும்.

வாசலில் நின்றபடியே ஒரு படம் எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். பிறகு எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். படத்தைப் போட்டால் உயிரினத்தின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்றில் ஏற்றினேன். முதல் விடை கட்டுவிரியன். இரண்டாவது ஓநாய்ப் பாம்பு. வெள்ளிக்கோல் வரையன் என்றும் எழுதுவார்கள். மூன்றாவது அமெரிக்காவில் வாழும் கிங் ஸ்நேக். ஒன்று ஆளைக் கொல்லும், ஒன்றுக்கு விஷமே கிடையாது, இன்னொன்று இந்தக் கண்டத்திலேயே இல்லை. மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் நின்றன.

அப்புறம்தான் அண்ணனைக் கூப்பிட்டேன். சொந்த அண்ணன் இல்லை. பக்கத்து ஊரில் எலெக்ட்ரீஷியன் வேலை செய்பவர். சின்ன வயதிலிருந்தே பாம்பு மேல் பித்து. இருபது வருடத்துக்கு மேலாகப் பாம்பைப் பார்ப்பதும் படிப்பதும் வனத்துறைக்குத் தகவல் சொல்லிக் காப்பாற்றிவிடுவதுமாக இருக்கிறார். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் பெயர் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

"தம்பி, பட்டை தலைப்பக்கம் பளிச்சுனு இருக்கா, வால்பக்கமா?"

"தலைப்பக்கம்தான்ணா தெரியுது. வால் வாளிக்குப் பின்னாடி இருக்கு."

"செவுத்துல ஏறப் பார்த்துச்சா?"

"அம்மா பார்க்கும்போது குழாய்ப் பக்கம் ஏறுன மாதிரி இருந்துச்சாம்."

"நீளம்? ஒரு முழம் இருக்குமா?"

"அவ்வளவுதான் இருக்கும்."

சற்று நேரம் பேச்சில்லை. "ஓநாய்ப் பாம்பாத்தான் இருக்கணும். ஆனா வால் தெரியல. கட்டுவிரியன் குட்டின்னா பட்டை முன்னாடி வரைக்கும் இருக்கும். நான் வர்ற வரைக்கும் அது கட்டுவிரியன்னே நெனச்சுக்கோ. கதவைத் தொறக்காத."

முக்கால் மணி நேரத்தில் வந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்த்தார். பட்டைகள் கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி வாலுக்குப் போகப்போக மங்கிக் காணாமல் போயின. வளர்ந்த கட்டுவிரியனுக்கு நேர்மாறு. அதற்குத் தலைப்பக்கம் மங்கலாகவோ வெறுமையாகவோ இருந்து வால்பக்கம் பட்டைகள் தெளியும், பெரும்பாலும் இரண்டிரண்டாக. முதுகின் நடுவரிசைச் செதில்களையும் காட்டினார். கட்டுவிரியனுக்கு அந்த ஒரு வரிசை மட்டும் அறுகோணமாகப் பெரிதாக இருக்கும். இதற்கு எல்லாம் ஒரே அளவு. ஓநாய்ப் பாம்பேதான். பல்லி தேடி வீட்டுச் சுவரில் ஏறும் சாது.

அன்றிலிருந்து இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன்.

செயலி சொன்ன பெயர்களில் சரியானதும் இருந்தது. அதை மறுக்க முடியாது. அதற்குத் தெரியாமல் போனது, படத்தில் எது இல்லை என்பது. வால் மறைந்திருப்பதை அது பொருட்படுத்தவில்லை. அண்ணன் முதலில் கவனித்ததே அதைத்தான். தெரிந்த விடையைக்கூட நிறுத்திவைத்து, ஆபத்தான பக்கத்தில் நின்று எங்களைக் காத்தார். பெயர் கண்டுபிடிக்கும் வேலையில் என் ஓட்டு அவருக்குத்தான், சந்தேகமே இல்லாமல்.

இணையத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: வேறு நாட்டு விதிகள். முக்கோணத் தலை இருந்தால் விஷப்பாம்பு, கண்ணின் கருமணி பூனைக்கண் போலச் செங்குத்தாக இருந்தால் விஷப்பாம்பு என்று எத்தனையோ இடங்களில் எழுதியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் குழிவிரியன்களை ஒதுக்க அது ஓரளவு உதவும். அங்கும் விஷமுள்ள பவளப்பாம்புக்குப் பொருந்தாது. நம் ஊரில் இதை நம்பினால் என்ன ஆகும்? நல்ல பாம்புக்கு வட்டக் கருமணி, தலையும் முக்கோணமில்லை. கட்டுவிரியனின் தலை கழுத்திலிருந்து பிரிந்தே தெரியாது. இந்த விதிப்படி இரண்டும் விஷமற்றவை. அதே நேரம் விஷமே இல்லாத மண்ணுளிக்குச் செங்குத்துக் கருமணி. தடித்துக் குட்டையாக, முதுகில் திட்டுத்திட்டாக இருக்கும் மண்ணுளி வகையைக் கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொன்றதை நானே பார்த்திருக்கிறேன்.

சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் ஆபத்து என்றொரு ஆங்கிலப் பாட்டும் சுற்றுகிறது. அது அமெரிக்கப் பவளப்பாம்புக்கு மட்டுமே ஆனது. இங்கே அதற்கு வேலையே இல்லை.

பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். கட்டுவிரியன் என்று நாம் சொன்னாலும் அது விரியன் குடும்பமில்லை, நல்ல பாம்பின் குடும்பம். தமிழில் தட்டி, தானாக மொழிபெயர்த்துத் தேடினால் விரியன்களின் பக்கத்துக்குப் போய் நிற்பீர்கள். கட்டுவிரியனையே சில ஊர்களில் எட்டடி விரியன் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் புடையன் என்றால் விரியன். அறிவியல் பெயராவது நிலையாக இருக்குமா என்றால், ஏரியில் தினமும் பார்க்கும் தண்ணீர்ப்பாம்புக்கே பேரினப் பெயர் அண்மையில் மாறிவிட்டது. பழைய பெயரில் ஒரு பக்கம், புதுப் பெயரில் இன்னொரு பக்கம். ஊர்க்காரரிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், எதைச் சொல்கிறோம் என்று புரிந்துகொள்வார்.

இதை வைத்து இணையத்தை ஒதுக்கிவிடலாமா என்றால், கூடாது. ஏனென்று சொல்ல அண்ணனிடமே வர வேண்டும்.

அன்று ராத்திரி டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, கடித்திருந்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டார். "கடிவாய்க்கு மேல கயித்தால நல்லா இறுக்கிக் கட்டிட்டுத் தூக்கிட்டு ஓடணும்மா" என்றார் அண்ணன். அவர் பழகிய காலத்தில் கற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுச் சிகிச்சை வழிகாட்டுதல்களும் நேர் எதிராகச் சொல்கின்றன: இறுக்கிக் கட்டக் கூடாது, ரத்த ஓட்டம் நின்று காலையே இழக்க நேரலாம். கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்கு மட்டை வைப்பதுபோல அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் அந்தப் பக்கங்களை அவருக்கு அனுப்பினேன். ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "இத்தனை வருஷமா தப்பா சொல்லிட்டிருந்தேனேப்பா" என்று வருந்தினார். இப்போது போகும் வீடுகளிலெல்லாம் இதைத்தான் சொல்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

அனுபவசாலியின் கண் பாம்பை நன்றாகப் பார்க்கும். உடம்புக்குள் விஷம் செய்யும் வேலை வேறு படிப்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். முதலுதவியில் மட்டும் ஊர்ப்பேச்சைக் கேட்காதீர்கள், எவ்வளவு பழுத்த ஆள் சொன்னாலும்.

கட்டுக்கதைகளில் இரண்டு தரப்பும் சமம். கொம்பேறிமூக்கன் கடித்தவனை எரிக்கும்வரை சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்த்திருக்கும், அரணை நக்கினால் மரணம், மண்ணுளி நக்கினால் தொழுநோய், சாரையும் நல்ல பாம்பும் இணைசேரும் என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டோம். கொம்பேறிமூக்கனுக்கும் அரணைக்கும் மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. இணைசேர்வதாகச் சொல்லப்படும் பின்னல் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. இந்தக் கதைகளே இப்போது பின்னணி இசையோடு வீடியோவாக வருகின்றன. வாசலில் சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது என்று அம்மாவும் வீடியோ பார்த்துத்தான் நட்டார். அந்தச் செடியின் அடியிலேயே தண்ணீர்ப்பாம்பு சுருண்டு படுத்திருந்ததை அண்ணன் பார்த்திருக்கிறார்.

எழுத்தில் வரவே வராத அறிவு ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் அதன் அருமை தெரியும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்புப் போன இருளர்கள், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து, 21 நாள் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க இந்த விஷம்தான் போகிறது. வளையின் வாயில் மண் வழுவழுப்பாக இருப்பதையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை அவர்கள் தடம் பார்த்தே பிடித்தார்கள். அந்த நாட்டுக் காடு அவர்களுக்குப் புதிது, ஆனால் பாம்பு போன தடம் புதிதில்லை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதன் சிறு துளி அண்ணனிடமும் உண்டு. கண்ணாடி விரியன் சீறினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "குக்கர்ல ஆவி ஒழுகுற மாதிரி, நிறுத்தாம வரும். அதைக் கேட்டா காலை அப்படியே வெச்சுக்கோ, எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாரு" என்றார். அறுவடைக்கு முன் எங்கள் வயலில் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டது. நின்றேன். வரப்பில் நான்கடி தள்ளிச் சங்கிலிச் சங்கிலியாகப் பழுப்பு வட்டங்கள். இதைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன். அந்த நொடியில் நினைவுக்கு வந்தது அவர் குரல்தான்.

நேரம் என்று பார்த்தால் இணையம் ராத்திரி 2 மணிக்கும் விழித்திருக்கும். மனிதர் தூங்குவார், வெளியூர் போவார், வேலையில் இருப்பார். தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்பவரில் படமெடுப்பதற்காகப் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறவரும் இருக்கிறார். அப்படிப்பட்டவரை ஒருபோதும் கூப்பிட மாட்டேன்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன்பே உட்கார்ந்து படிப்பதற்கு இணையம்: நான்கு விஷப்பாம்புகளும் அவற்றைப் போலவே இருக்கும் சாதுக்களும், இந்தியப் பாம்புகளைப் பற்றியே எழுதிய இடங்களில் மட்டும். பாம்பு கண்ணெதிரே இருந்தால் அண்ணன். அவர் கிடைக்காவிட்டால் தீயணைப்புத் துறை, 101. படம் அனுப்பும்போது ஊர், நேரம், நீளம், எங்கே எப்படிப் போனது, உடம்பில் எந்தப் பகுதி தெரியவில்லை என்பதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

கடித்துவிட்டால் இரண்டையும் கேட்பதில்லை, 108. பாம்பைத் தேடிப் பிடிக்கவோ அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகவோ தேவையில்லை. நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் சேர்த்தே ஆனது. மருத்துவர் பார்ப்பது அறிகுறிகளையும் ரத்தம் உறைகிறதா என்பதையும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்தாலோ, கண்ணிமை சொருகினாலோ, பாம்பை யாருமே பார்க்காவிட்டாலும் கிளம்பிவிட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, எண்களோடு, பின்கட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அம்மா இப்போது கட்டிலில் கொசுவலைக்குள் படுக்கிறார், வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு.